கூப்பிட்டதும் வந்த பறவை

அந்தத் தோட்டத்துக்கு நான் டிஸ்பென்சராகப் போன முதல் வாரத்திலேயே, பிள்ளைக்காம்பராவில் இருந்த குழந்தைகள் அத்தனை பேருக்கும் காது கேட்காது என்ற முடிவுக்கு வந்துவிட்டேன்.

லுணுகலைக்கு மேலே, பதுளை ரோட்டிலிருந்து பிரிந்து ஏறும் தோட்டம் அது. நாடு சுதந்திரமடைந்து இரண்டு மூன்று வருஷம் ஆகியிருக்கும். நான் பதுளைக் கடைவீதியில் பிறந்து வளர்ந்தவன், புடவைக்கடைக்காரரின் மகன். கடையில் உட்காரப் பிடிக்காமல் மருந்து கலக்கப் படித்துவிட்டு மலையேறினேன். தோட்டத்துச் சனங்கள் என்னை டாக்டரையா என்றே கூப்பிட்டார்கள். நான் டாக்டர் இல்லை என்று ஆரம்பத்தில் ஓரிருவரிடம் சொல்லிப் பார்த்தேன். அது அவர்களுக்கும் பிடிக்கவில்லை, எனக்கும் அவ்வளவாகப் பிடிக்கவில்லை. விட்டுவிட்டேன்.

கொழுந்து பறிக்கப் போகும் பெண்கள் காலையில் கைப்பிள்ளைகளையும் நடைபழகும் பிள்ளைகளையும் விட்டுவிட்டுப் போகும் நீளமான அறைதான் பிள்ளைக்காம்பரா. கூரை மரத்திலிருந்து கைப்பிள்ளைகளைப் போட்டு ஆட்டும் ஏணைகள் தொங்கும். வாசலில் இடுப்பளவு உயரத்துக்கு ஒரு பாதிக் கதவு, உள்ளே தாழ்ப்பாள். அங்கே போய்ப் பிள்ளைகளைப் பார்த்து, சொறி சிரங்குக்கும் கண்நோவுக்கும் மருந்து போடுவது என் வேலையில் சேர்த்தி. அன்றைக்கு அம்மை குத்த வேண்டியிருந்தது. பெயர்களை வாசித்தேன். ஒரு பிள்ளையும் திரும்பிப் பார்க்கவில்லை. சத்தம் போட்டுக் கூப்பிட்டேன். ஒருத்தன் தரையில் எறும்பைப் பார்த்துக்கொண்டிருந்தான், பார்த்துக்கொண்டே இருந்தான்.

உள்ளே ஓர் ஏணையை ஆட்டியபடி, கதவுக்கு முதுகைக் காட்டாமல் சுவரோரமாகச் சரிந்து உட்கார்ந்திருந்தாள் ஆயம்மா. குள்ளமான உடம்பு, முன்நெற்றியில் மட்டும் நரை, யாரையும் பாதிக்கண்ணால் பார்க்கும் பார்வை.

"என்னம்மா, கூப்பிட்டா ஒன்னும் திரும்ப மாட்டேங்குது?"

"திரும்பாதுங்க. அப்பிடித்தான் பழக்கியிருக்கேன்."

"எதுக்கு?"

"கூப்பிடுறது யாருன்னு அதுகளுக்கு எப்பிடித் தெரியும்?"

"நான் புதுசா வந்திருக்கிற டிஸ்பென்சர்."

"அப்பிடின்னு நீங்க சொல்றீங்க" என்றாள் ஆயம்மா.

தோட்ட ஆபீஸ் பெரிய கிளாக்கரிடமிருந்து ஆள் வந்து, இவர்தான் அவர் என்று சொன்ன பிறகுதான் தாழ்ப்பாள் திறந்தது. எனக்கு ஆத்திரமான ஆத்திரம். அவளுடைய பெயரைக் கேட்டுப் புகார் செய்யலாம் என்று நினைத்தேன். பெயர் என்ன என்றதற்கு, "எதுக்குங்க?" என்று திருப்பிக் கேட்டாள். அதற்குப் பிறகு பத்து வருஷத்துக்கு மேல் அவளோடு பழகியும் நான் பெயரைக் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.

சந்தேகம்தான் அவளுக்குச் சோறு, தண்ணீர் எல்லாம். ஆலையில் சங்கு ஊதினால் நம்பமாட்டாள், வெளியே வந்து முருக்கமரத்து நிழலைப் பார்த்துவிட்டு, "இன்னைக்கும் நேரத்துக்கு முன்னாலயே ஊதிட்டானுங்க" என்பாள். பால்மா டின்னைத் திறந்தால் முதலில் மோந்து பார்ப்பாள், பிறகு நாக்கில் வைத்துப் பார்ப்பாள், பிறகு கொண்டுவந்தவனுக்கு ஒரு கரண்டி கொடுத்து அவன் முகத்தைப் பார்ப்பாள். வயிற்றுப் பூச்சிக்கு மருந்து கொடுக்கும் நாளில் அப்படிக் கொண்டுவந்தவன் நான். விளக்கெண்ணெயும் அதுவுமாகக் கலந்த அந்தக் கஷாயத்தை வருஷத்துக்கு இரண்டு தரம் பிள்ளைகளுக்கு முன்னால் நின்று குடித்தேன். என் வயிற்றில் அந்தக் காலத்தில் ஒரு பூச்சி உயிரோடு இருந்திருக்க முடியாது. நான் குடித்து முடித்து, அரைமணி நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்து, நன்றாக இருக்கிறேன் என்று அவளுக்குத் தெரிந்த பிறகே பிள்ளைகளுக்குப் போகும்.

மாலையில் பிள்ளைகளை ஒப்படைப்பதற்கு அவளிடம் ஒரு முறை இருந்தது. வேறு எந்தத் தோட்டத்திலும் நான் அதைப் பார்த்ததில்லை. கொழுந்து நிறுத்துவிட்டு வரும் தாய் கதவுக்கு வெளியே நின்று பெயர் சொல்லிக் கூப்பிடக் கூடாது. பாதிக் கதவுக்கு மேலால் கையை உள்ளே நீட்ட வேண்டும், அவ்வளவுதான். பிள்ளை வந்து அந்தக் கையைப் பிடித்து, மோந்து பார்த்து, புரட்டிப் பார்த்து, தன் தாயின் கைதான் என்று தெரிந்தால் ஒட்டிக்கொள்ளும். தேயிலைப் பால் பட்டுப் பட்டு விரல் கறுத்த கைகள்தான் எல்லாம். எனக்கு ஒன்றுக்கொன்று வித்தியாசம் தெரியாது. அந்தப் பிள்ளைகளுக்குத் தெரிந்தது.

"குரலு யாருக்கு வேணாலும் வரும் டாக்டரையா. கைய யாரு மாத்த முடியும்?" என்பாள்.

தாய்மாருக்கு இது பிடித்திருந்தது என்று சொல்ல முடியாது. வீட்டிலும் பிள்ளைகள் அப்படியே இருந்தன. லயம் என்ற வரிசை வீட்டு வாசலில் நின்று சோறு தின்னக் கூப்பிட்டால் வராது, கையைக் காட்ட வேண்டும். ஒரு மாரியம்மன் திருவிழாவில் ஒரு பயல் கூட்டத்தில் காணாமல் போய்விட்டான். தோட்டமே அவன் பெயரைச் சொல்லிக் கத்தியது. தப்பு மேளக்காரர்கள் அடிப்பதை நிறுத்திவிட்டுத் தேடினார்கள். தாய் ஓடைப் பக்கம் ஓடி விழுந்து முழங்காலைச் சிராய்த்துக்கொண்டாள். கடைசியில் பயல் தேருக்கு அடியில், சக்கரத்தோடு சக்கரமாக ஒட்டிக்கொண்டிருந்தான். அத்தனை கூப்பாட்டையும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறான்.

அந்தத் தாய் அடுத்த நாள் பிள்ளைக்காம்பரா வாசலில் நின்று ஆயம்மாவை ஏசிய ஏச்சை இங்கே எழுத முடியாது. ஆயம்மா பால் ஆற்றிக்கொண்டே கேட்டாள். முடிவில், "கெடைச்சிட்டான்ல?" என்றாள்.

"ஒருவேளை கெடைக்காமப் போயிருந்தா?"

"வேற எவன் கூப்பிட்டிருந்தாலும் அவன் போயிருக்க மாட்டான்ல?"

முழங்காலுக்குக் கட்டுப் போட்டவன் நான். எனக்கும் அன்றைக்கு ஆயம்மாவைக் கண்டால் பிடிக்கவில்லை. தோட்டத்தில் அவளைப் பற்றி இரண்டு விதமாகப் பேசினார்கள். பிள்ளைகளுக்கு ஏதோ மருந்து வைத்து வாயைக் கட்டுகிறாள் என்று ஒரு பேச்சு. முன்பு தோட்டத்துத் துரையின் பங்களாவில் ஆயாவாக இருந்து எதையோ களவெடுத்துத்தான் வெளியே வந்தாள் என்று இன்னொரு பேச்சு. அவள் எல்லோரையும் சந்தேகப்பட்டாள், எல்லோரும் அவளைச் சந்தேகப்பட்டார்கள். நடுவில் நின்று நான் இரண்டு பக்கத்தையும் சந்தேகப்பட்டேன்.

பங்களாவில் இருந்தாள் என்பது உண்மைதான். அது எனக்குத் தெரியவந்தது ஒரு செத்த பறவையால், சரியாகச் சொன்னால் இரண்டு பறவைகளால்.

ஒருநாள் துரைக்குக் காய்ச்சல் என்று ஆள் வந்தது. பங்களா முன்னறையில் காத்திருந்தபோது மூலையில் ஒரு கண்ணாடிப் பெட்டியைப் பார்த்தேன். உள்ளே கிளையில் உட்கார்ந்த மாதிரி இரண்டு கறுத்த பறவைகள். உள்ளே பஞ்சு அடைத்து வைத்தவை. வால் நுனி மட்டும் சுண்ணாம்பில் தோய்த்த மாதிரி வெள்ளை. வாயோரத்தில் செம்மஞ்சளாகச் சிறு சதைத் துண்டு. ஒன்றுக்கு அலகு குட்டை. மற்றதுக்கு நீளமாய், அரிவாளைப் போல வளைந்திருந்தது. இரண்டும் ஒரே இனம் என்று நம்பவே முடியவில்லை. துரைக்கும் அதைப் பற்றித் தெரியவில்லை, தனக்கு முன்னால் இருந்தவர்கள் விட்டுப்போனது என்றார்.

இதை ஆயம்மாவிடம் சும்மா பேச்சுக்குச் சொன்னேன். ஆட்டிக்கொண்டிருந்த ஏணை நின்றது.

"அது இன்னும் இருக்கா? நாந்தான் அந்தக் கண்ணாடியத் தெனமும் தொடைப்பேன். அது பாடுற பறவைங்க. பழைய தொரயோட பொஞ்சாதி, தொரசாணி, அவங்க ஊருல இருந்துச்சாம். கப்பல்ல தெக்க ரொம்ப தூரம் போகணுமாம், ஒரு தீவு. இப்ப அங்கயும் இல்ல, எங்கயும் இல்ல. ஒன்னுகூட இல்லாமப் போச்சாம்."

"எப்பிடிப் போச்சு?"

"கூப்பிட்டதும் வந்துச்சு. அதான்."

அந்தப் பறவையின் பெயரும் அது போடும் சீட்டியும் ஒன்றேயாம். காட்டில் நின்று வாயால் அதே மாதிரி சீட்டியடித்தால், கிளைக்குக் கிளை குதித்து, கைக்கெட்டும் தூரத்தில் வந்து நின்று யார் என்று பார்க்குமாம். இறகுக்காகவும் அலகுக்காகவும் ஆட்கள் போய்ச் சீட்டியடித்திருக்கிறார்கள். அது வந்துகொண்டே இருந்திருக்கிறது.

"ஜோடி விட்டுப் பிரியாதாம். ஒன்னப் புடிச்சு வச்சுக் கத்த விட்டா மத்தது தானா வந்துருமாம். ரெண்டும் ஒரே பெட்டிக்குள்ள இருக்கு, பாத்தீங்கல்ல? தொரசாணி இதச் சொல்லி அழுவாங்க. அழுதுட்டு, வெளிய போறப்ப அந்த வெள்ள எறகத் தொப்பியில சொருகிக்கிட்டுப் போவாங்க."

பிறகு வாசலுக்கு வெளியே முருக்கமரத்தைக் காட்டினாள். சிவப்பாகப் பூத்திருந்தது. "அதுல எத்தன கிளி இருக்கு, சொல்லுங்க பாப்போம்."

நான் பார்த்தேன். இலைதான் இருந்தது.

"நல்லாப் பாருங்க."

மேலும் பார்த்த பிறகு ஓர் இலை அசைந்தது. தலைகீழாகத் தொங்கிக்கொண்டு பூவைக் குடையும் ஒரு கிளி. உள்ளங்கைக்குள் அடங்கும், உச்சந்தலையில் மட்டும் சிவப்பு. சிங்களக் கிராமத்து ஆட்கள் கிராமலித்தா என்பார்கள், லயத்து ஆட்கள் சின்னக்கிளி என்பார்கள். தூங்குவதும் தலைகீழாகத்தான். அதன் கீச்சுக் குரலில் யார் கத்தினாலும் அது பதில் சொல்லாது, இலையோடு இலையாகத் தொங்கிக்கொண்டிருக்கும் என்றாள் ஆயம்மா. "அது பாட்டுப் படிக்காது, ஒன்னும் படிக்காது. யாரு கூப்பிட்டாலும் போகாது. அதான் இன்னும் மரத்துல இருக்கு."

இதைக் கேட்டு நான் சும்மா இருந்திருக்கலாம். எனக்கு வாய் அடங்காது. "ஆயம்மா, நீங்க சொல்றது பாதிதான் சரி. சின்னக்கிளியும் கொறஞ்சுக்கிட்டுத்தான் வருது. மேல்காட்ட வெட்டித் தேயிலை போடுறாங்க, அது தங்குற பொந்து மரமெல்லாம் போச்சு. அதோட, அது கூப்பிட்டாத்தான் போகாது. கித்துள் மரத்துல கள்ளு முட்டி கட்டினா, கூப்பிடாமலே போய் மூக்கு முட்டக் குடிச்சிட்டு விழுந்து கெடக்குதே? பொறுக்கி எடுத்துப் பதுளைச் சந்தையில கூட்டோட விக்கிறான். நானே பாத்திருக்கேன்."

ஆயம்மா ஏணையை மறுபடியும் ஆட்டத் தொடங்கினாள். வாதத்தில் ஜெயித்துவிட்டேன் என்று சந்தோஷமாக வந்தேன்.

அதற்கு அடுத்த வாரங்களில் அவள் காய்ச்சலுக்கான கசப்புக் கொயினா வில்லை கேட்டு டிஸ்பென்சரிக்கு வர ஆரம்பித்தாள். காய்ச்சல் என்பாள். கையைத் தொட்டுப் பார்த்தால் சுடாது. பிள்ளைக்குக் காய்ச்சல் என்பாள். போய்ப் பார்த்தால் எந்தப் பிள்ளைக்கும் காய்ச்சல் இருக்காது. கொயினாவுக்குக் கடையில் நல்ல கிராக்கி. விற்கிறாள் என்றே நினைத்தேன். பங்களாவில் களவெடுத்தாள் என்ற பேச்சும் நினைவுக்கு வந்தது. ஒருநாள் மத்தியானம் சத்தமில்லாமல் பின்பக்க ஜன்னலால் எட்டிப் பார்த்தேன்.

லயத்துக் கிழவர் ஒருவரை வெளியே நிறுத்தியிருந்தாள். அவர் சிரித்த முகத்தோடு கதவுக்கு மேலால் மிட்டாய் நீட்டினார். ஒரு சின்னவன் ஓடிப்போய் வாங்கி வாயில் போட்டான். அடுத்த கணம் முகம் கோணி, துப்பி, நாக்கை உள்ளங்கையால் வழித்துக்கொண்டு அழுதான். மிட்டாய் முழுக்கக் கொயினாத் தூள். ஆயம்மா அவனைத் தூக்கி, தன் கையிலிருந்து ஒரு துண்டு சக்கரையை வாயில் வைத்தாள். "யாரு கையில இருந்து?" என்று கேட்டாள். அவன் விம்மிக்கொண்டே அவளுடைய கையைக் காட்டினான்.

எனக்குக் கோபம் வந்தது, சிரிப்பும் வந்தது, கொஞ்சம் பயமாகவும் இருந்தது. பிள்ளைகளை இப்படியும் வளர்ப்பார்களா? உள்ளே போய்க் கேட்டதற்கு, "நீங்கதானே கள்ளு முட்டியச் சொன்னீங்க" என்றாள்.

அந்த வருஷங்களில் கூப்பிடும் ஆட்களுக்குக் குறைவில்லை. பிரஜாவுரிமைக்குப் பெயர் கொடுக்க வாருங்கள் என்று ஒரு பக்கம் கூப்பிட்டார்கள், போகாதீர்கள் என்று இன்னொரு பக்கம் கூப்பிட்டார்கள். பிறகு பெயர் கொடுத்தவர்களையே நாட்டை விட்டுப் போ என்றார்கள். சனங்கள் ஒவ்வொரு கூப்பிடுதலுக்கும் நல்ல வேட்டி சேலை கட்டிக்கொண்டு போய் வெயிலில் நின்று வந்தார்கள். ஆயம்மா ஒன்றுக்கும் போகவில்லை. போனவர்களுக்கும் பெரிதாக ஒன்றும் கிடைக்கவில்லை என்பதால், அவள் செய்தது சரியா பிழையா என்று இன்றைக்கும் எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

தரகர் வந்தது கச்சான் காற்று அடிக்கும் ஒரு மாதத்தில். கொழும்பிலும் பதுளையிலும் பெரிய வீடுகளுக்குத் தோட்டத்துப் பிள்ளைகளை வேலைக்குப் பிடித்துக் கொடுப்பவர். வெள்ளை வேட்டி, குடை, யாரைக் கண்டாலும் முதலில் கும்பிடும் பணிவு. மோசமான முகமே இல்லை. அவர் கண் வைத்தது பாக்கியத்தின் மேல். பிரசவத்தில் தாய் போய்விட்ட பிள்ளை. தகப்பன் சின்னையா தேயிலைச் செடிக்குக் கவ்வாத்து வெட்டுகிறவன், பெண்சாதி போன பிறகு குடியில் விழுந்தவன். பாக்கியம் பிள்ளைக்காம்பராவை விட்டுப் போகும் வயதுக்கு வந்துவிட்டாள். இனி அவளை எங்கே விடுவது என்று அவனுக்கும் தெரியவில்லை. பள்ளிக்கூடம் போடுவார்கள், நல்ல சாப்பாடு, உடுப்பு என்று தரகர் சொன்னார். அவன் தலையாட்டிவிட்டான்.

அன்று நான் கண்மருந்தோடு உள்ளே இருந்தேன். தரகரும் சின்னையாவும் கதவுக்கு வெளியே வந்து நின்றார்கள். ஆயம்மாவுக்கு விஷயம் தெரிந்திருந்தது. அவள் சண்டை போடுவாள் என்று எதிர்பார்த்தேன். எழுந்து போய்த் தாழ்ப்பாளைத் திறந்துவிட்டாள்.

"தகப்பன் சம்மதம்னா நான் யாரு தடுக்க? கூப்பிடுங்க. வந்தாக் கூட்டிட்டுப் போங்க."

தரகர் குனிந்து, நல்ல இனிமையான குரலில், "பாக்கியம், பாக்கியம் கண்ணு" என்றார். பிள்ளைகள் யாரும் திரும்பவில்லை. பாக்கியம் எது என்றே அவரால் கண்டுபிடிக்க முடியவில்லை. பையிலிருந்து மிட்டாய்களை எடுத்துக் கதவின் மேல்விளிம்பில் வரிசையாக வைத்தார். எல்லாப் பிள்ளைகளும் மிட்டாயைப் பார்த்தன. கொயினா தின்ற அந்தச் சின்னவன் முன்கூட்டியே துப்பினான்.

"நீ கூப்பிடய்யா" என்றார் தரகர்.

சின்னையா கூப்பிடவில்லை, அவனுக்கு முறை தெரியும். கையை உள்ளே நீட்டினான். மூலையிலிருந்து பாக்கியம் எழுந்து வந்தாள். இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்று நினைத்தேன். அவள் இரண்டு கையாலும் அந்தக் கையைப் பிடித்தாள். கவ்வாத்துக் கத்தி பிடித்துக் காய்த்துப்போன இடங்களைத் தடவினாள். மூக்கை வைத்து மோந்தாள். காலையிலிருந்து தரகர் சாராயமும் சிகரெட்டும் வாங்கிக் கொடுத்திருந்தார், முடிவெட்டி, சவரம் செய்து, வாசனைத் தண்ணீரும் போட்டுவிட்டிருந்தார். பாக்கியம் கையைத் திருப்பி மறுபடியும் மோந்தாள்.

"இது எங்க அப்பா கையில்ல" என்று சொல்லிவிட்டு மூலைக்கே போய்விட்டாள்.

சின்னையா கையை எடுக்கவில்லை. அது கதவுக்கு உள்ளே தொங்கிக்கொண்டே இருந்தது. பிறகு வாசல்படியில் உட்கார்ந்து, அந்தக் கையைத் தானே மோந்து பார்த்தான். எங்களுக்கு முன்னாலேயே அழுதான். "போங்கய்யா" என்றான் தரகரிடம். "பிள்ளைக்கு என்னயத் தெரியல. போங்க."

தரகர் மிட்டாய்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு, எல்லோரையும் கும்பிட்டுவிட்டுப் போனார்.

அன்றைக்குத்தான் ஆயம்மாவின் மேல் எனக்கு முதல்முறையாக மரியாதை வந்தது. சந்தோஷத்தில் கேட்டுவிட்டேன். "ஆயம்மா, உங்க பிள்ளை யாரையாவது இப்பிடி யாராவது தூக்கிட்டுப் போனாங்களா?"

"யாரும் தூக்கிட்டுப் போகல" என்றாள்.

பிறகு சொன்னாள். சொல்லும்போது பிள்ளைகளின் பக்கம் பார்க்கவில்லை. பங்களாவில் ஆயாவாக இருந்தபோது அவளுக்கு ஒரே ஒரு மகள். பாக்கியத்தின் வயதுதான். கொழும்பிலிருந்து தொரசாணியின் சிநேகிதி ஒருத்தி வந்து, பெண்ணைத் தாருங்கள், எங்கள் வீட்டில் வளரட்டும், படிக்க வைக்கிறோம் என்று கேட்டாள். தொரசாணியும் கேட்டாள். ஆயம்மா சரி என்றாள். கார் ஏறும் நேரத்தில் பிள்ளையைக் காணோம். பங்களா முழுக்கத் தேடினார்கள், தோட்டக்காரன் தேடினான், டிரைவர் தேடினான். பெயர் சொல்லிக் கூப்பிட்டுக் கூப்பிட்டு அலுத்துப்போனார்கள்.

"வெறகுக் காம்பராவுல எங்கயோ ஒளிஞ்சிருந்துச்சு. யாருக்கும் ஆம்பிடல. நாந்தான் கூப்பிட்டேன்."

நாக்கை மேலண்ணத்தில் தட்டி ஒரு சத்தம் எழுப்பினாள். கோழிக்குஞ்சைக் கூப்பிடுவது போன்ற, 'டொக் டொக்' என்ற சின்னச் சத்தம். மகளைத் தூளியில் போட்டிருந்த நாளிலிருந்து அப்படித்தான் கூப்பிடுவாளாம்.

"சிரிச்சுக்கிட்டே ஓடியாந்துச்சு டாக்டரையா."

பங்களாவை விட்டு அவள் வந்ததைத்தான் ஊர் களவு என்று பேசியது என்று எனக்கு விளங்கியது. அவள் எதையும் களவெடுக்கவில்லை, ஒருநாள் தானாகவே வேலையை விட்டு இறங்கி வந்திருக்கிறாள்.

பல வருஷம் கழித்து, அறுபதுகளின் தொடக்கத்தில், ஒரு கார் ஆபீஸ் வாசலில் வந்து நின்றது. முப்பது வயதிருக்கும் ஒரு பெண் இறங்கினாள். வெளுத்த சேலை, கையில் துணிப்பை, காரின் முன்சீட்டில் டிரைவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வந்திருந்தாள். பிள்ளைக்காம்பரா ஆயாவின் மகள் என்றாள். பெரிய கிளாக்கர் என்னை வழிகாட்ட அனுப்பினார். போகும் வழியில் தமிழும் சிங்களமுமாகக் கலந்து பேசினாள். தன் வீட்டு எஜமானி நோனா நல்லவர் என்றாள். நோனாவின் மகளுக்கு இரட்டைப் பிள்ளைகள் பிறந்திருக்கின்றன, நம்பிக்கையான ஆயா ஒருத்தி தேவை, உன் அம்மா ஆயாவாக இருந்தவள்தானே, போய்க் கூட்டிக்கொண்டு வா என்று காரைக் கொடுத்து அனுப்பியிருக்கிறார்.

"இவ்வளவு வருஷமா அம்மாவப் பாக்க வரலையே?" என்று கேட்டேன்.

"விடலைங்க. இப்பத்தான் விட்டாங்க" என்றாள்.

பாதிக் கதவுக்கு வெளியே நின்று, "அம்மா" என்று கூப்பிட்டாள். ஆயம்மா சுவரோரம் உட்கார்ந்து ஒரு கைப்பிள்ளைக்குப் பால் புகட்டிக்கொண்டிருந்தாள். தலை திரும்பவில்லை. நான் விவரத்தைச் சொன்னேன். யார் அனுப்பியது, எதற்காக, கார் யாருடையது, எல்லாம் கேட்டுக்கொண்டாள்.

"நாந்தாம்மா ஒங்க மக."

"அப்பிடின்னு நீ சொல்ற" என்றாள் ஆயம்மா.

பால் முடிந்ததும் பிள்ளையை ஏணையில் போட்டுவிட்டு, "கையைக் காட்டு" என்றாள். அந்தப் பெண் கையை உள்ளே நீட்டினாள். சவர்க்காரத்திலும் சலவைச் சோடாவிலும் ஊறி, விரல்நுனி வெடித்த கை. ஆயம்மா கிட்டே வந்து மோந்தாள், புரட்டினாள், வெகுநேரம் பார்த்தாள். "எனக்குத் தெரியாத கை" என்று சொல்லிவிட்டுத் தன் இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

அந்தப் பெண் அழவில்லை. என்ன செய்வது என்று தெரியாமல் நின்றாள். பிறகு கதவைப் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடி, நாக்கை மேலண்ணத்தில் தட்டினாள்.

டொக் டொக்.

அறையில் ஒரு பிள்ளையும் திரும்பவில்லை. ஆயம்மா எழுந்துவிட்டாள்.

எனக்கு மனசு கேட்கவில்லை. ஆயம்மா மூட்டை கட்டும்வரை மகள் வெளியே காத்திருந்தபோது உள்ளே போய்ச் சொன்னேன். "யோசிச்சீங்களா ஆயம்மா? அவங்களுக்கு வேலைக்கு ஆள் வேணும். அதுக்குத்தான் இவளை விட்டுக் கூப்பிடுறாங்க. போனா உங்களையும் திரும்ப விடமாட்டாங்க."

"தெரியுதுங்க. ஒன்னப் புடிச்சு வச்சுக் கத்த விட்டா மத்தது வந்துரும்னு ஒங்களுக்குச் சொன்னதே நாந்தானே." இரண்டு சேலையையும் ஒரு போர்வையையும் மூட்டையாகக் கட்டினாள். "அன்னைக்கு நான் கூப்பிட்டேன், அது வந்துச்சு. இன்னைக்கு அது கூப்பிடுது."

கதவைத் தாண்டியவள் திரும்பி, "பால் டின்ன நீங்க மொதல்ல குடிச்சுப் பாத்துட்டுக் குடுங்க. புதுசா வாறவன நம்பாதீங்க" என்றாள். அதுதான் அவள் என்னோடு பேசிய கடைசிப் பேச்சு. முன்சீட்டில் மகளுக்குப் பக்கத்தில் ஒண்டி உட்கார்ந்துகொண்டாள். கார் தேயிலை மலையைச் சுற்றிச் சுற்றி இறங்கிப் போனதை நான் கடைசி வளைவு வரை பார்த்துக்கொண்டு நின்றேன்.

அதற்குப் பிறகு அவளைப் பற்றி எந்தச் செய்தியும் வரவில்லை. கொழும்புக்குப் போன சிலரிடம் விசாரித்தேன். வீடு எது, தெரு எது என்று நான் கேட்டு வைக்கவில்லை, அவர்கள் எங்கே தேடுவார்கள்? வந்தது அவளுடைய மகள்தானா என்றுகூட எனக்கு நிச்சயமில்லை. அந்தச் சத்தத்தை அந்தக் காலத்தில் பங்களாவில் எத்தனையோ பேர் கேட்டிருப்பார்கள். இப்படி நினைப்பதும் ஆயம்மாவிடமிருந்து எனக்குத் தொற்றிக்கொண்ட பழக்கம்தான். மகள்தான் என்று நம்பவே விரும்புகிறேன், சில நாட்களில் முடிகிறது.

மேல்காடு முழுக்கத் தேயிலையாகிவிட்டது. முருக்கமரம் பூத்தால் எப்போதாவது ஒன்றிரண்டு சின்னக்கிளிகள் வந்து தொங்கும். புதிதாக வந்த ஆயா நல்ல பெண், சிரித்த முகம். பிள்ளைகளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பார்த்துவிட்டு, இதுகளுக்குக் காதில் ஏதோ கோளாறு, பாருங்கள் என்று என்னிடம் வந்தாள். காது நன்றாகத்தான் இருக்கிறது என்று சொல்லியனுப்பினேன்.

பாக்கியம் வளர்ந்து பெயர் பதிந்து கொழுந்துக்குப் போக ஆரம்பித்தாள். காலையில் பெரட்டுக் களத்தில் கணக்கப்பிள்ளை ஆட்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார். அவர் வாய் மூடுமுன் எல்லோரும் பதில் கொடுப்பார்கள். பாக்கியம் மட்டும் கொடுக்கமாட்டாள். இரண்டாம் முறை கூப்பிடுவார். மூன்றாம் முறை, காது செவிடா உனக்கு என்று கத்துவார். அவள் கொழுந்துக்கூடையைத் தோளில் சரிசெய்துகொண்டு, மெதுவாகத் தலையைத் தூக்கி, கூப்பிடுவது யார் என்று ஒருதரம் நன்றாகப் பார்த்துக்கொண்டு, அதற்குப் பிறகுதான் "இருக்கேங்க" என்பாள்.